கோவிந்தன் கையில் என் கடிகாரம்

மே 6, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுடுகிறது. கூலருக்குத் தண்ணீர். சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும். பால் அட்டை.

ஆஸ்பத்திரி போனேன். கழுத்து திரும்பவில்லை, வலது கட்டைவிரல் மரப்பு, கால் வீக்கம். டாக்டரம்மா கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பாக்கறீங்க?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

என் போனை வாங்கி அதிலேயே கணக்கைக் காட்டினார். ஏழேகால் மணி நேரம். திருதிருவென்று விழித்தேன். நடக்கச் சொன்னார்.

மைன்ஸில் பதினெட்டு வருடம் கன்வேயர் பெல்ட் ஓரமாக நடந்து நடந்தே பார்த்த வேலை. எனக்கு இந்த அறிவுரை! இப்போது கண்ட்ரோல் ரூம், நாற்காலி. வீட்டுக்கு வந்தால் கட்டில். மனைவி சரோஜா போன பிறகு இந்தக் குவார்ட்டர்ஸில் பேசுவது போன் ஒன்றுதான்.

மே 7, புதன்

டப்ளினிலிருந்து மகள் கவிதா போன். டாக்டர் சொன்னதை உளறிவிட்டேன். அழுகிறாள். "ஜூன்ல லீவு கேட்டு வரேன்பா. ரெண்டு வாரம் கூடவே இருந்து நடக்க வைக்கறேன். அதுவரைக்கும் நான் அனுப்பின வாட்சைக் கட்டிக்கோங்க. எத்தனை அடி நடந்தீங்கன்னு எனக்கு இங்கயே தெரியும்."

போன வருடம் வந்த கடிகாரம். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பிரித்தேன்.

அவள் அம்மா காரியத்துக்கு வந்தவள். மூன்று வருடம் ஆகிறது. உள் அறையில் ஒட்டடை அடிக்க வேண்டும்.

மே 10, சனி

640 அடி. 710. 590. மூன்று மாலையும் திட்டு. "இன்னிக்கும் கட்டில்தானாப்பா?"

நடக்கத்தான் கிளம்புகிறேன். செருப்பு மாட்டும்போது போனில் ஒரு பார்வை. ஒருவன் கிணற்றில் பாம்பு பிடிக்கிறான். அடுத்து கொள்ளு ரசம். அப்புறம் பொழுது போய்விடுகிறது.

மே 12, திங்கள்

முதல் ஷிப்ட். கேண்டீனில் கோவிந்தன். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், கான்ட்ராக்ட் ஆள். நான் நடந்த பெல்ட்டில் இப்போது அவன்தான் நடக்கிறான். கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன்.

"என்னா சார், நான் நடந்துகினு இருப்பேன், பேரு உங்களுக்கா?" சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டான்.

ஷிப்ட் முடிந்து திருப்பித் தந்தான். 17,860.

மாலையில் கவிதா: "அப்பா, சூப்பர்!" இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள்.

மே 17, சனி

வாரம் முழுக்கக் கோவிந்தன் உபயம். கால் வீக்கம் அப்படியே. ஷூ நுழையவில்லை.

பண்ருட்டியில் பலாப்பழம் சொல்லி வைத்தாயிற்று. புது மெத்தை உறை, பச்சை. "பொண்ணு வூட்டுக்கு வருதுன்னதும் மூஞ்சே மாறிப்போச்சுங்க சார்," என்கிறான் கோவிந்தன். மாறாதா பின்னே.

மே 19, திங்கள்

கவிதா கூப்பிட்டாள். சந்தோஷமாகத்தான் பேசினாள்.

"டெய்லி பதினேழாயிரம் நடக்கறீங்க! என்னை விட நல்லா இருக்கீங்கப்பா. பயந்துபோய்த்தான் லீவு கேட்டேன். இங்க வேலை வேற நெருக்குது. பொங்கலுக்கு வரட்டுமா?"

"அதுக்கென்னம்மா, வேலையைப் பாரு."

நடந்தது கோவிந்தன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா.

பலாப்பழம் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

கோவிந்தன் வழக்கம் போல மணிக்கட்டை நீட்டினான். "வேணாம் கோவிந்தா, நானே கட்டிக்கறேன்."

"நடக்கப் போறீங்களா சார்?"

பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

கம்பெனி பஸ், வீடு, கட்டில். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. வேண்டுமென்றேதான். தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில். போன் தலையணை மேல், சத்தம் முழுதாக. பாம்பு, ரசம் எதுவும் பார்க்கவில்லை.

மாலை 6: 410 அடி.

மா. 7: 410. இந்நேரத்துக்குக் கவிதா பார்த்திருப்பாள்.

மா. 7.20: போன் மணி அடித்தது. கேஸ் சிலிண்டர்காரர், நாளைக்கு வீட்டில் இருப்பீர்களா என்று.

மா. 7.45: 410.