மத்தியானம் வந்து தூக்கிக்கொள்கிறேன்

பாலவனத்தம்
9.7.2024

அன்புள்ள தங்கலட்சுமி டீச்சருக்கு,

ஏழாம் வகுப்பு முனீஸ்வரியின் அம்மா மாரிக்கனி எழுதுவது. மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் எழுதி, அவள் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அடிக்கடி லீவு போடுகிறாள் என்று வருத்தப்பட்டீர்களாம். திரும்பத் திரும்பக் காய்ச்சல், டீச்சர். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் மூத்திரத்தில் கிருமி என்றார்கள். "ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறியா பாப்பா?" என்று டாக்டரம்மா கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போதுதான் வாய் திறந்தாள்: "குடிச்சா ஒண்ணுக்கு வரும்லம்மா. அங்க என் சக்கர வண்டி ஏறாது. என்னைய யாரு தூக்குவா?"

காலையில் கிளம்பினால் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டே இருக்கிறாள். இப்படியே விட்டால் கிட்னி கெட்டுவிடுமாம். நீங்கள் மனது வைத்தால் ஏதாவது வழி பிறக்கும்.

இப்படிக்கு,
மாரிக்கனி


பாளையம்பட்டி
12.7.2024

அன்புள்ள முனீஸ்வரி அம்மாவுக்கு,

படித்ததும் மனது கனத்துப்போனது. வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் அவள்தான். இப்படி ஒன்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கழிவறைக்கு முன்னால் படிகள், கதவும் குறுகல். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "மேல எழுதிப் போட்டிருக்கு, உத்தரவு வரட்டும் டீச்சர்" என்கிறார். அதுவரை அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அவர் யோசனை. எனக்கும் அதுதான் நல்லதாகப் படுகிறது. சிறப்பாசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார். அவள் உடம்புக்காகத்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
தங்கலட்சுமி


பாலவனத்தம்
15.7.2024

அன்புள்ள டீச்சருக்கு,

அவள் தோழி முத்துலட்சுமியிடம் நீங்கள் கொடுத்துவிட்ட கடிதத்தை அவளே பிரித்துப் படித்துவிட்டாள். சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். "நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? எதுக்கு வரவேணாங்காக?" என்கிறாள்.

நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். மத்தியானம் நானே வந்து தூக்கிக்கொள்கிறேன். கேட்டைத் திறந்துவிடச் சொன்னால் போதும்.

மாரிக்கனி


பாளையம்பட்டி
2.9.2024

அன்புள்ள முனீஸ்வரி அம்மாவுக்கு,

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டீர்கள் என்று முத்துலட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தூக்கம் விழித்த கண்ணோடு நீங்கள் வெயிலில் வந்து அவளைத் தூக்கிப்போனதை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டு நின்றேன். "உத்தரவு வர்ற வரைக்கும் பிள்ளை அடக்கிக்கிட்டே இருக்கணுமா சார்?" என்று தலைமையாசிரியரிடம் சண்டையே போட்டுவிட்டேன். முத்துலட்சுமியின் அப்பா பால்ச்சாமி கொத்தனார். அவர் ஆள் கூட்டிவந்து படியை இடித்துச் சாய்தளம் போட்டுவிட்டார். கதவையும் அகலமாக்கியாயிற்று. வண்டி இனி நேராக உள்ளே போகும்.

எப்படி இருக்கிறாள்? ஒரு வரியாவது எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கலட்சுமி


மதுரை
20.9.2024

டீச்சருக்கு,

வலப்பக்கத்துக் கிட்னி பாதிக்குமேல் சுருங்கிவிட்டதாம். இன்று நேற்று வந்ததில்லை, வருஷக்கணக்காக அடக்கியதில் வந்தது என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தவே கூடாதாம். இன்னொன்றையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

சாய்தளம் போட்டதைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "நானே உருட்டிக்கிட்டுப் போவேன், நீ வராத" என்கிறாள்.

வேறு பள்ளியில் சேர்க்கலாம் என்றுதான் நினைத்தேன். உங்கள் வகுப்பை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள்.

அவளுக்கு உங்கள்மேல் கோபமில்லை, டீச்சர். எனக்குத்தான் இருக்கிறது. வீட்டிலேயே இருக்கட்டும் என்று நீங்களும் எழுதினீர்களே, அது எனக்கு ஆறவில்லை. டாக்டர் சரியென்றதும் கொண்டுவந்து விடுகிறேன். கேட்டில் நான் முகங்கொடுத்துப் பேசாவிட்டால் தயங்கி நிற்காதீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள்.

மாரிக்கனி