“எங்கை போறாய்” என்று கேட்டதற்குப் பதில்

ஐயா,

பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். வீடு பூட்டிய திறப்பு கிணற்றடியில், கவிழ்த்த வாளிக்குக் கீழே. சாப்பிடாமலே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள். பிழை என்னுடையதுதான்.

நான் படலையைத் திறக்கும்போது, “எங்கை போறாய் பிள்ளை?” என்று கேட்டீர்கள். “வெளிக்கிடுற ஆளை உப்பிடிக் கேக்கலாமோ?” என்று அயல் முழுக்கக் கேட்கக் கத்தினேன். மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்காக மூன்று கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, “எனக்கு மூடநம்பிக்கை இல்லை” என்று சொல்லிப் பழகிய அதே வாயால்தான்.

பிறகு வருங்கால டாக்டர் என்ன செய்தார்? சகுனப் பிழை போகட்டும் என்று வீட்டுக்குள் திரும்பி வந்தார். கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். செம்பைத் தூக்கினால், அதற்குக் கீழே நேர்முகத் தேர்வுக் கடிதம். காற்றில் பறக்காமல் இருக்க நானே செம்பை வைத்துவிட்டு, நானே மறந்திருக்கிறேன். அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

நான் போகிற இடம் உங்களுக்குத் தெரியும். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் கேட்டிருப்பீர்கள்.

எட்டரை பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

பவானி

பி.கு: மூடநம்பிக்கை பற்றிக் கேட்டால் இனி என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்னுமொன்று. பின்னேரம் நான் திரும்பி வரும்போது படலையடியில் நில்லுங்கள். “எங்கை போட்டு வாறாய்?” என்று கேளுங்கள். அதைக் கேட்கலாம்.