வி போட்ட கதவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கதவை அறுத்துவிட்டார்கள். இடுப்பு உயரத்தில், குறுக்கே, ஒரே நேர்கோடாக. மேல்பாகம் இப்போது நாலு கால் வைத்த மேசை. கீழ்ப்பாகம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதும் குட்டை மேசை. இரண்டும் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பழைய பம்ப் ரூமில் கிடக்கின்றன.

உடம்பு எப்படி இருக்கிறது, மூட்டு வலி தேவலையா என்று கேட்டு ஆரம்பித்திருக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு இதைச் சொன்னால், சரக்கைத் தள்ளிவிடுகிற பேச்சு மாதிரி ஆகிவிடும். கடையில் நான் அப்படித்தான் செய்கிறேன். முதலில் டீ வரும், பிறகு பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பேன், கடைசியில்தான் விரிசல் விட்ட உத்திரத்தைக் காட்டுவேன். உன்னிடம் அந்த வித்தை வேண்டாம். போனில் சொல்லவும் முடியவில்லை. ரெண்டு தடவை நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீ கோபப்பட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். ‘பரவாயில்லடா’ என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயம்.

போன வாரம் நீ பேசும்போது, ‘நிலை நின்னுடுச்சுடா, கொத்தனார் பூசிட்டுப் போயிட்டார், கதவு மட்டும் வந்தா வீடு வீடாயிடும்’ என்றாய். அதுவரை வாசலில் தார்ப்பாய் கட்டியிருப்பதாகவும், காற்றடித்தால் அது படபடவென்று அடித்து உன்னைத் தூங்கவிடுவதில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். ‘நம்ம பழைய வீட்டுக் கதவு கெடங்குல பத்திரமா இருக்குக்கா, லாரி கெடைச்சதும் ஏத்திடறேன்’ என்று சொன்னேன். நீ அப்படிச் சிரித்த நேரத்தில் கதவின் மேல் என் சாக்பீஸ் எழுத்து ஏறியிருந்தது.

அந்த எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வீட்டை இடித்தால் நிலை, கதவு, ஜன்னல், உத்திரம், ஓடு என்று எல்லாம் கிடங்குக்கு வந்து குவியும். எது யாருக்கு என்பது தெரிவதற்கு, விலை பேசி முடித்த சாமான் மேல் ‘வி’ என்று போடுவேன். விற்றது என்று அர்த்தம். போட்டுவிட்டால் வேலையாட்கள் அதைத் தொட மாட்டார்கள். எனக்கு எழுத்து அதிகம் வராது என்பது உனக்குத் தெரியும். ஓர் எழுத்தில் முடிகிற காரியத்துக்கு எதற்கு மூன்று என்று வைத்துக்கொண்ட பழக்கம்.

எங்கள் தெருவில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். தண்ணீர் வராமல் பூட்டிக் கிடந்த பம்ப் ரூமைச் சுத்தம் செய்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பட்டறை மாதிரி ஆக்கலாம் என்று கிளப்பிவிட்டவர் அவர்தான். உடைந்த நாற்காலியை அங்கே கொண்டுபோய் அவரவரே சரிசெய்துகொள்ளலாம். சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம். எதையும் புதிதாக வாங்குவதில்லை, யார் வீட்டில் எது மிச்சமோ அதை வைத்துக் கட்டுவது என்பது அவர்களுடைய கணக்கு. ஒருவர் ஓடு கொடுத்தார். இன்னொருவர் குளியலறை உடைத்தபோது வந்த கல்லைக் கொடுத்தார். என்னிடமும் வந்தார்கள். இந்தத் தெருவில் எனக்கு ‘இடிச்சவீட்டுக்காரர்’ என்று பெயர். என் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ‘இடிச்சவீட்டுக்காரரே, நாலு வீட்டை இடிச்ச புண்ணியத்துல நமக்கு ஒரு ரூம் கட்டிக் குடுங்க’ என்றார் தையல்காரம்மா.

நல்ல மரம் கொடுக்க மனசு வரவில்லை. இல்லை என்று சொன்னால் தெருவில் பெயர் கெட்டுவிடும். அதனால் உளுத்தது, பிளந்தது, ஆணி நிறைந்தது என்று பொறுக்கி ஒரு பக்கம் போட்டேன். அவற்றின் மேல் விறகு என்று முழுசாக எழுதச் சோம்பல்பட்டு ‘வி’ என்று போட்டேன். ‘வி போட்டதெல்லாம் விறகும்மா, எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கோங்க, என்னைக் கேக்கவே வேணாம்’ என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். சொன்ன மறுநாளே நான் எழுத்தை மறந்துவிட்டேன். அவர்கள் மறக்கவில்லை. வந்து எடுத்துப்போய், ஆணி பிடுங்கி, உளுத்ததைச் செதுக்கித் தள்ளி, அந்தக் குப்பையிலேயே ஒரு அலமாரி செய்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் ஒரு வீடு இடிக்க வெளியூர் போயிருந்தபோது மறுபடி மரம் தேவைப்பட்டிருக்கிறது. என் வீட்டில், உன் தம்பி பெண்டாட்டியிடம் கிடங்குச் சாவியைக் கேட்டிருக்கிறார்கள். அவள் கொடுத்தாள், கூடப் போகவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் ‘வி’ தேடிப் போனார்கள். உன் கதவு மேல் ‘வி’ இருந்தது.

நான் ஊர் திரும்பி, இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, சட்டையில் சுண்ணாம்புத் தூசியோடு நேரே பம்ப் ரூமுக்குப் போனேன். விஷயம் கேட்டு உன் தம்பி பெண்டாட்டியும் பின்னாலேயே வந்தாள். உள்ளே பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தச்சு வேலை தெரிந்த ஒருவர் காதில் பென்சிலோடு நின்றார். என்னைப் பார்த்ததும் தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ‘வாங்க வாங்க, உங்களப் பத்திதான் பேசிட்டிருந்தோம். இவ்வளவு நல்ல தேக்கை விறகோட விறகா வச்சுக் குடுத்திருக்கீங்களே, நாலு பேருக்குத் தெரியக் கூடாதுன்னுதானே? நாங்கதான் உங்களத் தப்பா நெனச்சுட்டோம்’ என்றார். தச்சர் கதவைப் பார்த்ததும் ‘இது விறகா?’ என்று தயங்கினாராம். இவர்தான், ‘மனசு வந்து குடுத்திருக்காருப்பா, அதைப் போய்க் கேட்டு அவரைக் கூச்சப்படுத்தாத’ என்று சொல்லி அறுக்க வைத்தாராம்.

அப்போதே வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம் அக்கா. எனக்குக் கண் முழுக்க அந்த அறுப்புக் கோடுதான் தெரிந்தது. ‘கேட்டா குடுக்க மாட்டேனா, எதுக்குத் திருடுறீங்க’ என்று கத்தினேன். பிள்ளைகளுக்கு முன்னால், திருடுறீங்க என்று சொன்னேன். தையல்காரம்மா குனிந்து, குட்டை மேசையை ஒருக்களித்துத் திருப்பினார். அடிப்பக்கத்தில் பாதி அழிந்த ‘வி’. ‘இது உங்க கையெழுத்துதானே’ என்று மட்டும் கேட்டார்.

எனக்கு எப்படியாவது ஜெயித்தாக வேண்டும். வியாபாரத்தில் ஊறின நாக்கு. ‘ஏம்மா, அது விறகு வி இல்ல, வித்துட்ட வி. ஓட்டல்காரருக்கு வித்தாச்சு. இப்ப அவருக்கு நான் என்ன பதில் சொல்றது’ என்றேன். நல்ல பாயின்ட் அடித்துவிட்டதாக ஒரு நொடி தோன்றியது. பின்னாலிருந்து உன் தம்பி பெண்டாட்டியின் குரல், ‘எதை வித்தீங்க? அண்ணி கதவையா?’

தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்தார். குட்டை மேசையில் கழற்றாமல் விட்டிருந்த தாழ்ப்பாளின் மேல் ஒரு சின்னப் பெண்ணின் கை இருந்தது. இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். டக், டக் என்று அது மட்டும்தான் கேட்டது.

ஆமாம் அக்கா, விற்றுவிட்டேன். ஓட்டல்காரர் சுவரில் அழகுக்கு மாட்டப் பழைய கதவு தேடி வந்தார். மற்ற சாமான்களை எல்லாம் பார்த்துவிட்டு, ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தியிருந்ததைத் தூக்கிப் பார்த்தார். ‘இது இருந்தா மத்ததும் எடுத்துக்கறேன், இல்லேன்னா வேணாம்’ என்றார். சுவரில் ஆணி அடித்து மாட்டப்போகிற கதவு, ஒருநாளும் திறக்கப்போவதில்லை. என் வாய் ‘சரி’ என்றது. சாக்பீஸை எடுத்தேன்.

இவ்வளவுதான் என்றால் இந்தக் கடிதத்தை இதோடு முடித்திருப்பேன். உன்னிடம் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் சொன்னால் நீ வருத்தப்படுவாயே என்று, என் நல்ல மனசுக்கு, வேறு ஒன்று தோன்றியது. ஏறக்குறைய அதே அளவில், அதே நிறத்தில், வேறொரு வீட்டுத் தேக்குக் கதவு கிடங்கில் இருந்தது. அதை இழைத்து, எண்ணெய் போட்டு, உன் கதவு என்று சொல்லி அனுப்பிவிட முடிவு செய்தேன். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். உன் கதவில் இடுப்புக்குக் கீழே நீ போட்ட அந்த ரெண்டாவது தாழ்ப்பாள்.

அம்மாவும் நீயும் வேலைக்குப் போய்விட, நான் தனியாக வீட்டில் இருந்த காலத்தில், மேல் தாழ்ப்பாள் எனக்கு எட்டாது என்று நீ போட்டது. திருப்புளி இல்லாமல் கத்தி முனையால் திருகினாய். ஒரு திருகாணி கோணலாக இறங்கிவிட்டது. ‘கோணலா இருந்தா என்னடா, பூட்டிக்கிட்டா சரி’ என்றாய். அதைத்தான் கழற்றி மற்றக் கதவில் மாட்டப் பார்த்தேன். நேரான திருகாணிகள் எல்லாம் சொன்ன பேச்சு கேட்டு வந்துவிட்டன. அந்தக் கோணல் திருகாணி அசையவில்லை. இதுவரை நான் கழற்றாத தாழ்ப்பாளா, பார்க்காத திருகாணியா? இன்னும் அழுத்தினால் மரம் பிளந்து விலை போய்விடும் என்று விட்டுவிட்டேன். அதன் மேல் கை படும்போதுகூட எனக்கு விலைதான் ஞாபகம் வந்தது. கழற்றின திருகாணிகளைத் திரும்பப் போட்டு, பெட்டியிலிருந்து வேறொரு பழைய தாழ்ப்பாளை எடுத்து அந்தப் போலிக் கதவில் பொருத்தினேன். பொருத்தும்போது ஒரு திருகாணியை வேண்டுமென்றே கோணலாக இறக்கினேன். இது உன் தம்பி பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்தப் போலிக் கதவு இன்னமும் கிடங்கில் பளபளவென்று நிற்கிறது. எதையும் எழுதாமல் அதை ஏற்றிவிட்டிருக்கலாம். நீ ஒருநாள் கீழே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டிருப்பாய். கண்டுபிடித்திருக்க மாட்டாய் என்றே நினைக்கிறேன். ஏமாந்திருப்பாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஓட்டல்காரரிடம் கதவு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மற்ற சாமானையும் வேண்டாம் என்று போய்விட்டார். போகட்டும். உன் தம்பி பெண்டாட்டி சோறு போடுகிறாள், பேசுவதில்லை. ‘நீங்க எழுதலேன்னா நான் எழுதுவேன்’ என்றது கடைசிப் பேச்சு.

நேற்று பம்ப் ரூமுக்குப் போய், திருடர் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளைகளிடமும் கேட்டேன். சின்னப் பெண் ‘சரி’ என்றாள், பெரியவர்கள் அவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை. கதவை விலைக்குத் திருப்பிக் கேட்டபோதுதான் தையல்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. ‘இன்னும் விலைதான் பேசுறீங்க’ என்றார். தச்சர் குனிந்து அறுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் ரெண்டு சட்டம் வைத்து இழுத்துக் கட்டினால் மறுபடி கதவாகிவிடும், ரம்பப் பல் தின்ற இடத்தை ஒட்டுச் செதில் வைத்து நிரப்பலாம், கோடு மட்டும் மறையாது, அது சாகிற வரைக்கும் தெரியும் என்றார். எனக்கு அது சரி. உனக்குச் சரியா என்று தெரியாது.

நீ இந்தக் கதவே வேண்டாம் என்று சொல்லலாம். அந்த நிலைக்கு வேறு கதவு போட்டுக்கொள்ளலாம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தார்ப்பாயின் கீழ்முனையில் ரெண்டு செங்கல் வை, காற்றுக்கு அடிக்காது. நீ நன்றாக இருக்க வேண்டும் அக்கா. என்னைத் திட்டி எழுது, ரெண்டு வரி போதும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அவர்களோடு பேசி முடித்தது இது. கதவுக்கு விலை கிடையாது. போலிக் கதவை நான் அவர்களுக்கு மேசைக்குக் கொடுத்துவிட வேண்டும், அதை அறுக்கிற ரம்பத்தை நானே பிடிக்க வேண்டும். தச்சர் சொல்கிறபடி உன் கதவை ஒட்டுகிற வேலையும், லாரிச் செலவும் என்னுடையது. இனி என் சாமான் எதன் மேலும் முழு வார்த்தையாக எழுத வேண்டும். மேல்பாகத்தை இப்போதே தந்துவிடுவார்கள். தாழ்ப்பாள் இருக்கிற கீழ்ப்பாகம் தையல்காரம்மா வீட்டில் இருக்கும். நீ நேரில் வந்து கேட்டால்தான் வெளியே வரும், என்னை நம்பி என் கையில் தருவதில்லை. ஒத்துக்கொண்டேன்.

உன் தம்பி