ஒரு மணி நேரத் துக்கம்

எருசலேம்,
பண்டிகைகள் கழிந்த மறு மாதம்.

அன்பு மகன் எல்க்கானாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் ஹதாஸாவும் சின்னவளும் மெல்போர்னில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும். முழங்கால் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், நீ போனில் கேட்கும் முதல் கேள்வி அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நீதான் கூடாரப் பண்டிகை முடிந்ததும் ஒரு தடவை பேசியதோடு சரி, அதற்குப் பிறகு போனே பண்ணவில்லை. ஹதாஸா பேசினாள், உனக்கு வேலை ஜாஸ்தி என்றாள், அவளுக்குப் பொய் சொல்ல வராது, பாவம். இங்கே முதல் மழை பெய்து மாடிப்படி எல்லாம் சேறு, கீழ்த்தளத்துச் சிப்போரா வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, தக்காளி விலை சொல்லி மாளாது.

உன் கோபம் எனக்குத் தெரியும். உன் அத்தை மகள் தீனாள் சொன்னாளாம், அம்மா பால்கனியில் கூடாரம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தாள் என்று. அப்பா போயி ஈரம் கூடக் காயல, அதுக்குள்ள பாட்டும் விருந்துமா, உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை, ரிசீவரை வைத்துவிட்டு அடுப்பில் இருந்ததைக் கிளறப் போய்விட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால் நீ கேட்டது சரிதான், எனக்கு ஒன்றுமே இல்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தின நாள் மதியம் அப்பா போனார். உங்கள் ஊரில் பொழுது எங்களுக்கு முன்னாலேயே சாய்ந்துவிடும், அங்கே அதற்குள் பண்டிகை பிறந்து, பண்டிகையில் போனைத் தொடக்கூடாது என்று நீ அணைத்துவிட்டாய், சேதி எட்டவில்லை. இங்கே பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடியவேண்டும் என்று எல்லோரும் ஓடினார்கள், நானும் கூடவே ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் துக்கக்காரர் உட்காருவதற்கென்று ஜெபக்கூடத்தில் இருக்கும் குட்டை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைத்தார்கள், கையில் ஒரு அவித்த முட்டையைக் கொடுத்தார்கள். துக்கக்காரர் தானாகப் பேசும்வரை வந்தவர்கள் வாய் திறக்கக்கூடாதல்லவா, நான் பேசவில்லை, அதனால் யாரும் பேசவில்லை. சுவரில் வெயில் ஏறிக்கொண்டே போனது. அப்புறம் சிப்போரா குனிந்து, யோகெபேத் அக்கா, எழுந்திரு, நேரமாயிடுச்சு, போய்க் குளிச்சிட்டு துணி மாத்து, பண்டிகை வந்தாச்சு என்றாள். பண்டிகை வந்தால் துக்கம் முடிந்தது, ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் துக்கத்துக்கான ஏழு நாளும் உட்கார்ந்ததாக அர்த்தம், சட்டம் அப்படி. எழுந்தேன். அதே ஆட்கள் வாசலில் நின்று நல்ல வருஷமா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புத்தாண்டுக்கென்று அப்பா வாங்கிவைத்திருந்த தேனில் ஆப்பிளைத் தொட்டுச் சாப்பிட்டேன், இனித்தது, அவ்வளவுதான்.

பண்டிகை கழிந்த பிறகு சேதி கேட்டதால் உனக்கு முழு ஏழு நாள் கிடைத்தது. அது மட்டுமா, பிள்ளைக்கு ஒரு வருஷம் துக்கம். பெண்டாட்டிக்கு முப்பது நாள்தான், அதில் மிச்சமிருந்ததையும் அடுத்த பண்டிகையான பாவநிவிர்த்தி நாள் வந்து முடித்துவைத்தது. அதன்பிறகு கூடாரப் பண்டிகைக்குக் கூடாரம் கட்டும் நாள். அப்பா ஒரு வருஷம்கூடத் தவறாமல் கட்டியது, பலகையெல்லாம் கண்ணெதிரே கிடந்தது, உன் பண்டிகையில் மகிழ்ந்திரு என்று கட்டளையும் இருக்கிறது. அழ அனுமதி இல்லை, அழுகையும் வரவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டும், கட்டிவிட்டேன். வந்தவர்கள் பாடினார்கள், நான் பரிமாறினேன், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருந்தது. இதை விருந்து என்று தீனாள் சொன்னால் சொல்லட்டும், அவளும்தான் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

போன ஓய்வுநாளில் ஜெபக்கூடத்தில் ரபி பிரசங்கம் பண்ணினார், பண்டிகையில் கிடைத்ததைக் கூடாரப் பலகையோடு சேர்த்துக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அன்றாடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. எல்லோருக்கும் எடுத்துவைக்க ஏதோ இருக்கிறது. சிப்போரா, கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்தி ஜெபித்த நாரத்தங்காயில் கிராம்பு குத்தி வைத்திருக்கிறாள், ஓய்வுநாள் முடியும்போது முகர்ந்து பார்ப்பாளாம். இந்தா அக்கா, உனக்கும் ஒண்ணு என்று எனக்கும் ஒன்று கொடுத்தாள். முகர்ந்து பார்த்தேன், கிராம்பு வாசனை வந்தது. எல்லோருக்கும் கொடுத்த பண்டிகை என்னிடமிருந்து மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று தோன்றியது, அதற்குக்கூட வருத்தம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெபக்கூடத்து ஒபதியா வந்து, அம்மா, அந்தக் குட்டை நாற்காலி உங்க வீட்லயே தங்கிடுச்சு போல, மேல் தெருவுல ஒரு வீட்டுக்கு வேணும் என்றான். அலமாரிக்குப் பின்னால் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் நானும் அந்தத் துக்க வீட்டுக்குப் போனேன், அந்த நாற்காலியில் செத்தவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளாகவே பேச்சை எடுத்தாள். எங்கப்பா ஒரு தடவை இந்தப் பெரிய தர்பூசணியைத் தோள்ல வச்சு மூணு மாடி ஏறினார், கதவைத் தட்டக் கையில்லாம காலால உதைச்சார், போலீஸ்னு நெனச்சு அம்மா வெளக்கை அணைச்சிட்டாங்க என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆட்கள் வந்ததும் மறுபடி அதே கதை, இந்தத் தடவை நாலு மாடி. மூன்றாம் தடவை பாதியிலேயே அழுதுவிட்டாள், பக்கத்தில் இருந்தவள் மீதியைச் சொல்லி முடித்தாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், கிளம்ப மனம் வரவில்லை. ஏழு நாள் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அப்பாவைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்க்கானா. யாரும் கேட்கவும் இல்லை.

அன்றைக்கு நான் குட்டை நாற்காலியில் உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இந்தப் பண்டிகையில் கிடைத்தது, அதைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன். நேற்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் சமையலறைக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். கீரை ஆய்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை, ரபியே வந்தாலும் ஒன்றும் சொல்லமுடியாது. ஆனால் வாய் இன்னும் திறக்கவில்லை. உன் ஏழு நாளில் அங்கே அறிமுகமில்லாத ஜனங்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், நீ பேசியிருப்பாய். அப்பாவைப் பற்றி அவர்களிடம் என்ன சொன்னாய்? எந்தக் கதையை அடிக்கடி சொன்னாய், எந்த இடத்தில் நிறுத்தினாய், அதையெல்லாம் எனக்கு எழுது. போனில் வேண்டாம், போனில் நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். கடிதம் வந்தால் அந்த முக்காலியில் உட்கார்ந்து படிப்பேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கட்டும், ஹதாஸாவுக்கும் சின்னவளுக்கும் நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். அங்கே வெயில் தொடங்கியிருக்கும், குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. அப்பாவுக்கான ஜெபத்தைக் காலையிலும் மாலையிலும் விடாமல் சொல். எழுதும்போது, இது அம்மாவுக்குத் தெரிந்த கதைதானே என்று எதையும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
யோகெபேத்