குழாயின் மேடு

9 மே 2025, இரவு 9.10. உரிமக் குழு கேட்ட கேள்விகள் 43. பாக்கி 0.

கடைசிக் கேள்வி இன்று மதியம் தீர்ந்தது. மின்சாரம் நின்றுபோனால், மேல்தொட்டித் தண்ணீர் பம்ப் இல்லாமல் தானாக உலைக்குள் இறங்குமா? எங்கள் சிறிய அணு உலையின் உரிமம் அந்த ஒன்றில்தான் நின்றது. குழாயின் நடுவில் மேடு இருக்கிறது, காற்று அடைக்கும் என்று மூன்று மாதமாகச் சொன்னேன். "கணக்கு சரியா இருக்கு, சும்மா இரு" என்றார் டீம் லீடர். அந்தக் கணக்கு, குழாய் முழுக்கத் தண்ணீர் இருப்பதாக வைத்துப் போட்டது. மாதிரிக் குழாய் அமைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. மேட்டை நீக்கிச் சரிவாக்கினேன். பத்துத் தடவையும் இறங்கியது. குழு ஏற்றுக்கொண்டது.

வீரபாண்டித் திருவிழாவுக்கு லீவில் ஊருக்கு வந்திருந்ததால், வீட்டிலிருந்தே குழுவின் வீடியோ கூட்டத்தில் பேசினேன். முடித்ததும் அக்கா திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தாள்.

"ஆபீசருக ஒத்துக்கிட்டாகளா?"

"ஒத்துக்கிட்டாக. குழாய்ல காத்து அடைக்கும்னு நாந்தேன் கண்டுபிடிச்சேன்."

"ஏலே, தோட்டத்துக் குழாய்ல வாரத்துக்கு ஒருக்கா அடைக்குது. இதுக்கா இம்புட்டுப் படிப்பு?"

ஜெயித்த நாளில் யார் என்ன சொன்னால் என்ன! நானும் சிரித்தேன்.

இனி:

1. திங்கட்கிழமை புது வரைபடத்தில் என் கையெழுத்து.
2. மற்ற வரைபடங்களிலும் மேடு தேட வேண்டும். இருந்தால்?
3. டீம் லீடர் முகத்துக்கு நேரே சிரிக்கக் கூடாது. சத்தியமாக அடக்க முடியாது.