ஆடாமல் ஜெயித்த அணி

1960 ஜூன் 6
மழை. ஏழாம் வகுப்பில் நதிகள் நடத்திக்கொண்டிருந்தபோது கல்லூரி அதிபர் கூப்பிட்டனுப்பினார். இனிமேல் கல்லூரியின் கால்பந்துப் பயிற்சியாளர் நான்தானாம். பந்தை உதைத்தே பழக்கமில்லை என்றேன். "நீங்க பூகோளம் படிப்பிக்கிறவரு, கணேசமூர்த்தி. அதுவும் உருண்டை, இதுவும் உருண்டை. பாத்துக்கங்க." தற்காலிக ஆசிரியன் வேறு என்ன சொல்வது?

ஜூன் 9
மைதானம் ஒரே சரிவு. பந்து பதினொரு தடவை கீழே தேயிலைக்குள் போயிற்று. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா ஒவ்வொரு தடவையும் எறிந்து கொடுத்தாள். எங்கள் பையன்கள் உதைப்பதைவிட அவள் எறிவது தூரம் போகிறது.

ஜூலை 2
முதல் போட்டி. எதிரணி வந்த பஸ் நோர்வூட்டில் பழுதாகி நின்றுவிட்டதாம். ஆளில்லாத கோலுக்குள் ஒரு பந்து அடித்தால் வெற்றி என்றார் நடுவர். அணித்தலைவன் சின்னராசா அடித்தான். வெளியே போயிற்று. "இன்னொருக்கா அடிங்க தம்பி." மூன்றாவது தடவை விழுந்தது.

ஜூலை 23
எதிரணி விடுதியில் அம்மை. வெற்றி.

ஜூலை 30
இன்று உண்மையாகவே ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷத்தில் மூடுபனி. கோலும் தெரியவில்லை, பந்தும் தெரியவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு எதிரணி ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டது. பனி விலகியபோது அவர்களுடைய கோல் காப்பாளன் மட்டும் குனிந்தபடியே நின்றிருந்தான். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டேன். வெற்றி.

1961 பெப்ரவரி 20
பத்திரிகையில் என் படம். 'தோல்வியறியாத பயிற்சியாளர்.' அதிபர் கூடைப்பந்தையும் என் தலையில் கட்டினார். இந்த வருஷமும் தோற்காவிட்டால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவாராம்.

மார்ச் 8
தோட்டத்து ஃபெக்டரியில் மூக்கன் செய்த வளையத்தைக் கம்பத்தில் பூட்டினோம். முதல் பந்தே உள்ளே போயிற்று. போய், அங்கேயே சிக்கிக்கொண்டது.
"பந்து அளவுக்குன்னுதானேங்க சொன்னீங்க? நூல் பிடிச்சுல்ல அளந்தேன்" என்றார் மூக்கன்.
ஏணி வைத்து எடுத்தோம். இதற்குப் புள்ளி உண்டா? விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

ஜூன் 30
நாளைய கால்பந்து எதிரணியிடமிருந்து தந்தி: பாதையில் மண்சரிவு, வர இயலாது, வெற்றி உங்களுக்கே. இதோடு எட்டு. சின்னராசா வாசலில் வந்து நின்றான். கல்லூரியில் இது அவனுக்குக் கடைசி வருஷம்.
"நாங்க எப்ப சார் வெளயாடுறது?"
இரவு சாப்பிட உட்கார்ந்தேன். "ஜெயிச்சவரு மொகமா இது?" என்றாள் என் மனைவி நாகலெட்சுமி. என்னத்த ஜெயிச்சேன் நான்? ஒருத்தனும் எங்களோட ஆடவே இல்லையே.

ஜூலை 1
அதிபரிடம் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும் — இல்லை, போனால் கஷ்டம்தான். ஆனாலும் பையன்களை பஸ்ஸில் ஏற்றினேன். மண்சரிவில் இறங்கி, முழங்கால் சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் வீரய்யாவின் கொழுந்து லொறியில் ஏறி எதிரணியின் மைதானத்துக்கே போய்ச் சேர்ந்தோம்.
அவர்களுடைய பயிற்சியாளர் சரிபுதீன் மாஸ்டர் திகைத்துப்போனார். "நாங்கதான் வெற்றியக் குடுத்துட்டோமே. பொறகு ஏன் வந்தீங்க?"
"விளையாடத்தான்."
அங்கே மைதானம் சமதரை. வைத்த இடத்தில் பந்து நிற்பதைப் பார்த்து எங்கள் பையன்கள் தடுமாறிவிட்டார்கள். ஒன்பதுக்கு ஒன்று. அந்த ஒன்று சின்னராசா அடித்தது. திரும்பும் வழியெல்லாம் லொறியில் பாட்டு. "எத்தனைக்கு ஜெயிச்சீங்க?" என்று வீரய்யா கேட்டதற்கு, "தோத்துட்டோம்ண்ணே" என்று அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

ஜூலை 3
அதிபர் அறைக்குக் கூப்பிட்டார். "ஜெயிச்சாச்சுன்னு தந்தி வந்த பொறகும் தேடிப் போயித் தோத்துட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்." இரண்டு பந்தும் சித்திர ஆசிரியருக்குப் போயின. நிரந்தரக் கடிதம் இல்லை. எனக்கு நதிகள் மட்டும்.

1962 ஜனவரி 21
சின்னராசாவுக்கு இப்போது டயகமவில் ஒரு தோட்டத்து ஆபீசில் வேலை. காலையில் வந்து, "எங்க டீமுக்கு ஒரு ஆள் கொறையுது சார், சும்மா நின்னாப் போதும்" என்றான். நின்றேன். பிறகு நிற்கவில்லை. வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. நாகலெட்சுமி சுடுதண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே, யாருக்கு வெற்றி என்று கேட்டாள். கவனிக்க மறந்துவிட்டேன்.