ஐந்து பூட்டுப் போட்ட மதகு

நலம் நிலைக்க.

தாழையூர்க் கோட்டைக்கும் அதைச் சூழ்ந்த பன்னிரண்டு பாக்கங்களுக்கும் உடையவரும், கழிமுகம் காத்த வீரர் மரபில் வந்தவரும், முறையிட வந்தவரை வெயிலில் நிறுத்தி வைக்காதவருமான உமையாண்டாள் நாச்சியாரின் திருமுன்பு, வெண்மலை நாட்டு நாட்டவையின் பெருமந்திரி, மாட்டுத் தரகர் மகன் பெருஞ்சாத்தன் தலை தாழ்த்தி எழுதும் ஓலை. நாச்சியாரின் குடி தழைக்க, கோட்டை நிலைக்க. வாழ்த்து இவ்வளவில் நிற்க. இதற்கு மேல் வாழ்த்த நேரமில்லை.

ஓலையை வாசிப்பவர் முதலில் இந்த ஒரு வரியை மட்டும் உரக்க வாசித்து முரசறையச் செய்க: பேரேரி உடையப்போகிறது; பொழுது சாய்வதற்குள் தாழையூரார் எல்லாரும் ஆனைப்பாறைக் குன்றில் ஏறிவிட வேண்டும். மீதியை ஏறிக்கொண்டே வாசிக்கலாம்.

நாச்சியார் இதை நம்பமாட்டார் என்பது பெருஞ்சாத்தனுக்குத் தெரியும். இரண்டு நாளுக்கு முன் இதே கையெழுத்தில், நாட்டவையின் சிங்க முத்திரையோடு, மதகு திறக்கப்படும் என்றும், குடிகள் வீட்டை விட்டு நகர வேண்டாம் என்றும், நகர்ந்தால் அது ஆட்சிக்கு அவப்பெயர் என்றும் ஓர் ஓலை அங்கே வந்தது. முத்திரை மெய்யாக இருந்தது. செய்தி பொய்யாக இருந்தது. இன்றைய செய்தி மெய். முத்திரை ஏன் இல்லை என்பதை இனி முறையாகச் சொல்ல வேண்டும்.

நாடு இருக்கும் இருப்பு நாச்சியார் அறிந்ததே. மன்னர் சிங்காசனத்தில் வீற்றிருக்கிறார். ஆள்வது ஐம்பத்தோரு பேர் கொண்ட நாட்டவை. அதில் இருபத்தாறு பேர் ஒருபக்கம் கை தூக்கினால்தான் ஆட்சி. ஒரு காலத்தில் அவையில் இரண்டே கொடிகள் பறந்தன. மேடையில் யாருக்கு மாலை முதலில் விழுந்தது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று அந்தக் கொடிகள் கிழிந்து கிழிந்து இப்போது ஒன்பதாகிவிட்டன. சென்ற தையில் குடத்தில் ஓலை போட்டு எடுத்தபோது, ஏர்க்கொடியார்க்கு ஒன்பது பேர், மீன்கொடியார்க்கு ஆறு, தராசுக்கொடியார்க்கு நான்கு, விளக்குக்கொடியார்க்கு நான்கு, தங்கள் தம்பியார் அதியரையர் தலைமை ஏற்ற தாழைக்கொடியார்க்கு மூன்று என்று வந்தது. மற்ற நான்கு கொடிகளும் எதிர்வரிசைக்குப் போயின. இந்த ஐந்தையும் கூட்டினால் சரியாக இருபத்தாறு; ஒருவருக்கு இருமல் வந்து வெளியே போனாலும் ஆட்சி போய்விடும்.

ஐந்தையும் ஒன்றுசேர்க்கும் வேலை பெருஞ்சாத்தனிடம் வந்தது. அவன் பேரம் பேசக் கற்றது மாட்டுச் சந்தையில். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். ஒரு துண்டைப் போர்த்தி, அதற்கடியில் கையைக் கையால் பிடித்து, விரலை அழுத்திப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். அதே துண்டோடு அவன் ஐந்து தலைவர்களின் வீட்டுக்கும் போனான். ஒவ்வொரு விரலும் ஒரு பதவி. முழு உள்ளங்கையையும் அழுத்தினால் மதகதிகாரம். பேரேரியின் மதகு யார் கையிலோ அவர் சொல்லும் ஊருக்குத்தான் முதலில் தண்ணீர் போகும் என்பதால், ஐவருமே விரல்களைத் தள்ளிவிட்டு உள்ளங்கையைக் கேட்டார்கள். பெருஞ்சாத்தன் ஐவருக்கும் அழுத்திவிட்டு வந்தான்.

சந்தையில் இப்படிச் செய்ய முடியாது. விலை படிந்ததும் துண்டை எடுத்துவிட்டு, மாட்டின் கயிற்றை எல்லாரும் பார்க்க வாங்கியவன் கையில் கொடுக்க வேண்டும். அதனால் ஒரே மாட்டை இருவருக்கு விற்கத் தரகனுக்கு வழியில்லை. அவையில் கயிறு இல்லை. பதவியேற்பு முடிந்ததும் தாங்களே அடித்துப் பிடித்துச் சரியாகிவிடுவார்கள் என்று அவன் கணக்குப் போட்டான்.

பதவியேற்பு நாளில் 'மதகதிகாரி' என்று வாசித்ததும் ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். ஏர்க்கொடித் தலைவர் காரிக்கிழார் மற்ற நால்வரையும் திரும்பிப் பார்த்துவிட்டு, பெருஞ்சாத்தனிடம், "என்ன செட்டியாரே, மாப்பிள்ளை உட்காருற பாய்ல அஞ்சு பேரை உட்கார வெச்சிருக்கீரு?" என்றார். அவை சிரித்தது. தங்கள் தம்பியார் மட்டும் சிரிக்கவில்லை. "பாய் எனக்குத்தான். மூணு பேரு எந்திரிச்சுப் போனா முகூர்த்தமே நின்னுபோகும், பாத்துக்கிடும்" என்றார்.

அன்றைக்கு ஆட்சியைக் காக்க அவனுக்கு ஒரு வழி தோன்றியது. மதகின் அடைப்புக் கல்லைத் தூக்கும் உருளை ஏரிக்கரை மண்டபத்துக்குள் இருக்கிறது. அந்த மண்டபக் கதவுக்கு ஐந்து பூட்டுப் போட்டு, ஐவர் கையிலும் ஆளுக்கொரு சாவி கொடுத்தான். ஒருவரை ஒருவர் நம்பாததால், அவையின் சிங்க முத்திரையும் அதே மண்டபத்துக்குள் போயிற்று. பூட்டை உடைப்பவனுக்குக் கழுமரம் என்று சட்டமும் எழுதினார்கள். எழுதிக் கொடுத்தவன் பெருஞ்சாத்தன்தான். அவனைப் போல் சாமர்த்தியசாலி உண்டா என்று ஊர் பேசிற்று. அவன் வீட்டில் அன்று பாயசம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஏரி நிறைந்தது, நிறைந்த பிறகும் மழை விடவில்லை. மதகைத் திறக்கும்படி நாச்சியார் விடுத்த மூன்று ஓலைகளும் வந்து சேர்ந்தன. பெருஞ்சாத்தன் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஐந்து வீடும் ஏறி இறங்கினான். மதகைத் திறந்தால் வாய்க்கால் ஓரத்தில் கதிர் முற்றிய தம் குடிகளின் வயல் சாய்ந்துவிடும் என்றார் காரிக்கிழார். மீன் அடித்துக்கொண்டு போய்விடும் என்றனர் மீன்கொடியார். சரக்குப் படகு தரைதட்டும் என்றனர் தராசுக்கொடியார். கார்த்திகைத் தெப்பத்துக்கு ஏரி தளும்ப வேண்டும் என்றனர் விளக்குக்கொடியார். மறுத்தவர்கள் அதோடு விடவில்லை. சாவி தருவதென்றால் இன்னொரு பதவி வேண்டும் என்று ஒவ்வொருவரும் துண்டை நீட்டச் சொன்னார்கள். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் பேரம் ஒரு முழம் ஏறியது.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் நாச்சியார் அறிய வேண்டும். தங்கள் தம்பியார் சொன்ன சொல்லை அப்படியே எழுதுகிறேன் என்று பெருஞ்சாத்தன் வாக்களிக்கிறான். "ஏரி உடைஞ்சா முங்குறது எங்க அக்கா ஊரு. அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன். பயந்துகிட்டு அவனுக நாலு பேரும் தானா தருவானுக. அதுக்குள்ள நான் ஏன் கையை விரிக்கணும்? அவையில முதல்வர் நாற்காலியை எனக்குப் போடும், சாவி தாரேன்." மற்ற நால்வரோ, தாழையூர் அவருடைய ஊர்தானே, அவரே முதலில் வருவார் என்று காத்திருந்தார்கள்.

அதற்குள் தாழையூரில் சிலர் மூட்டை கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. ஓர் ஊரே கிளம்பினால் எதிர்வரிசை அவையைக் கூட்டச் சொல்லும். கூட்டினால் இருபத்தாறு நிற்குமோ நிற்காதோ. அந்த அச்சம் வந்த அன்று ஐந்து சாவிகளும் ஒன்றாக வந்தன. இந்த ஆட்சியில் அந்தச் சாவிகள் ஒன்றாக வந்தது அந்த ஒரு முறைதான். ஐந்து பூட்டும் திறந்தன. ஐவரும் உள்ளே போனார்கள். சிங்க முத்திரையை எடுத்து, குடிகள் நகர வேண்டாம் என்ற ஓலையில் குத்தினார்கள். தம்பியாரும் அதற்குச் சாட்சிக் கையெழுத்திட்டார். உருளை அவர்களிடமிருந்து நாலடி தூரத்தில் இருந்தது.

மதகுக் காவலர் வேட்டன் கதவோரம் நின்றிருந்தார். "வந்ததுதான் வந்துட்டீங்க சாமி. அப்படியே ஒரு முழம் தூக்கிட்டுப் போயிருங்களேன்" என்றார். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் உருளையில் கை வைப்பவர் மேல்தான் வயலும் மீனும் படகும் தெப்பமும் வந்து விழும். காரிக்கிழார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாம் அவையில் பேசி முடிவு செய்வோம் என்றார். ஐந்து பூட்டும் மறுபடி விழுந்தன. பெருஞ்சாத்தன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அவனும் வாயைத் திறக்கவில்லை.

இன்று விடிந்ததும் கரையின் அடியில் கசிவு கண்டது. முற்பகலிலேயே கசிவு ஆள் கால் கனத்துக்கு வந்துவிட்டது. தெளிந்த தண்ணீராக இல்லை, மண் கலந்து வருகிறது. அதற்குப் பிறகுதான் பெருஞ்சாத்தன் கோடரியோடு போனான். ஐந்து பூட்டையும் அவனே உடைத்தான். ஆறாள் உருளையில் தொங்கினார்கள், கல் அசையவில்லை. இரண்டு யானையைப் பூட்டினார்கள்; சங்கிலி அறுந்தது. வேட்டன் அறுந்த சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "முந்தாநாள்னா நானும் என் மச்சானும் போதும் சாமி. இப்பத் தண்ணி கல்லைப் புடிச்சு வெச்சிருக்கு. அது விடாது. நீங்க உடைச்ச பூட்டுக்குக் கழு ஏறுறதுதான் மிச்சம்." கரை எத்தனை நேரம் தாங்கும் என்று கேட்டதற்கு அவர் வானத்தைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். "விளக்கு வைக்கிற நேரம் தாண்டாது" என்றார்.

எதிர்க்கரையை வெட்டித் தண்ணீரைத் தரிசில் விடலாம் என்றும் ஒரு வழி உண்டு. அதற்கு ஆயிரம் மண்வெட்டி வேண்டும்; ஆயிரம் மண்வெட்டிக்கு அவையின் ஆணை வேண்டும். அவை கூடியிருக்கிறது. இந்த ஓலை எழுதப்படும்போது ஒன்பது கொடிகளும் அங்கேதான் இருக்கின்றன. தாழையூருக்கு நேரக்கூடியதற்கு முன்கூட்டியே வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானம் கொண்டுவருவது என்பதில் ஒன்பதும் உடன்பட்டுவிட்டன. அதை முன்மொழிவது எந்தக் கொடி என்பதில் வழக்கு நடக்கிறது.

தங்கள் தம்பியார் மட்டும் அங்கே இல்லை. கல் அசையவில்லை என்ற செய்தி கேட்டதும் கரைக்கு ஓடி வந்தார். உடைந்த பூட்டுகளில் தம்முடையது எது என்று தேடினார். கழுத்தில் தொங்கிய சாவியை அதில் நுழைத்துத் திருப்பிப் பார்த்தார். அது நன்றாகவே திறந்தது. பிறகு குதிரை கேட்டார். இவ்வோலையைக் கொண்டுவந்து நாச்சியார் முன் நிற்பவர் அவரே. அவரை வைவதற்குப் பின்னால் நாள் இருக்கும். இன்று அவர் கையில் முரசுக் கோலைக் கொடுத்துத் தெருத் தெருவாக அனுப்புக. அவர் குரலைத் தாழையூர் அறியும்.

முத்திரை பற்றி. உடைத்த மண்டபத்துக்குள் சிங்க முத்திரை பெருஞ்சாத்தன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுத்தான், பிறகு வைத்துவிட்டான். அந்தச் சிங்கம் இரண்டு நாளுக்கு முன் நாச்சியாரிடம் பொய் சொன்ன சிங்கம். இன்னொரு முறை அதே முகத்தோடு வந்தால், இதுவும் ஏதோ பேரம் என்று நாச்சியார் எண்ணுவார்; அவர் இடத்தில் பெருஞ்சாத்தன் இருந்தாலும் அப்படித்தான் எண்ணுவான். ஆகவே ஓலையை அவன் தன் துண்டில் சுற்றி அனுப்புகிறான். ஐந்து வீட்டுக்கும் போய் வந்த துண்டு இதுதான்.

ஆகையால் ஆணையாவது: முதியவரையும் பிள்ளை பெற்றவரையும் முதலில் ஏற்றுக. கோவில் சாமான், நெல், பெட்டி எதற்கும் ஒருவரும் திரும்ப வேண்டாம். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுக. அவை தாமே மேடு தேடும். எந்தக் கொடியார் எந்தத் தெருவில் என்று பார்த்து ஏற்ற வேண்டாம். அவையிலிருந்து மறுத்து ஓலை வந்தால், அதில் எத்தனை முத்திரை இருந்தாலும், வாசிக்காமல் அடுப்பில் இடுக.

பெருஞ்சாத்தன் கரையில் இருக்கிறான். வேட்டனும் வேறு நாற்பது பேரும் கசிவில் வைக்கோலும் மண்ணும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் கரை அரை நாழிகை கூடுதலாக நின்றால், அந்த அரை நாழிகை தாழையூருடையது. விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் அவன் உயிரோடு இருந்தால், பூட்டை உடைத்ததற்கு அவையோர் அவனைக் கழுவில் ஏற்றட்டும். அந்தச் சட்டத்தையாவது அவர்கள் ஒன்றாகக் கூடி நிறைவேற்றுவார்கள்.

துண்டை விரித்துப் பார்க்க. நடுவில் விளக்குக் கரி பூசிப் பதித்த ஒரு கை இருக்கும். துண்டுக்கு அடியில் ஐந்து பேருக்கு அழுத்திக் கொடுத்த அதே உள்ளங்கை. துண்டுக்கு மேலே அது வைக்கப்படுவது இதுவே முதல் முறை. நம்புக, ஏறுக.

ஐப்பசித் திங்கள் இருபத்துமூன்றாம் நாள், உச்சிப்பொழுது கழிந்து இரண்டு நாழிகை. பேரேரிக் கரை.